அந்தரத்தில் மாப்பிள்ளை

கால் வளையம் கழன்று கீழே விழுந்தபோது மாப்பிள்ளை கயிற்றில் இரண்டு ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கயிறேறும் பயிற்சிக்கூடத்தில் வருகிறவர்களுக்குக் காலணி எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. முதலாளியின் தங்கை புருஷன் என்பதால் எல்லோருக்கும் மாப்பிள்ளை. அன்று பயிற்சியாளருக்குக் காய்ச்சல், முதலாளி வெளியூரில். அந்த நேரம் பார்த்து மூன்று ஆண்களும் ஒரு பெண்மணியும் வந்து, "இங்க எப்படிச் சொல்லிக்குடுக்கறீங்கன்னு பார்க்கணும்" என்றார்கள். நாலு பேரும் சேர்ந்துவிட்டால், காலணி வேலையிலிருந்து விடுதலை!

"நான்தான் மாஸ்டர், வாங்க!" என்று தன் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

வித்தை எளிதாகத்தான் தெரிந்தது. கனமான கயிற்றில் மெல்லிய கயிற்றை மூன்று சுற்று சுற்றினால் பிடிமுடிச்சு. பாரம் ஏறினால் இறுகும், பாரம் நீங்கினால் நழுவும். ஒரு முடிச்சு இடுப்பு பெல்ட்டுக்கு, இன்னொன்று கால் வளையத்துக்கு. காலூன்றி எழுந்து இடுப்பு முடிச்சை மேலே தள்ளு, உட்கார்ந்து கால் முடிச்சை மேலே தள்ளு. அவ்வளவுதான். கால் முடிச்சை மட்டும் அவர் சரியாகப் போடவில்லை.

இப்போது ஊன்றிக்கொள்ள ஒன்றுமில்லை. மொத்த உடம்பும் இடுப்பு முடிச்சில் தொங்கியது. அது இரும்பாய் இறுகிவிட்டது.

"விழுந்திடுச்சே!" என்றார் பெண்மணி.

"நான்தான் விழ வெச்சேன் மேடம். பாடமே இனிமேதான்."

ஷூ நாடாவைக் கழற்றிப் புது முடிச்சு போடலாமென்று குனிந்தார். நாடா வந்தது. கூடவே ஷூவும் வந்து, வந்தவர்களில் ஒரு வழுக்கைத்தலைக்காரரின் தலையில் இறங்கியது.

"கீழ நிக்கறவங்களுக்கு ஹெல்மெட் கிடையாதா?" என்று அவர் தலையைத் தடவினார்.

"எதுக்கு சார் வீண் பாரம்? ஒரு தடவை பட்டா அப்புறம் தள்ளி நிப்பாங்க."

கயிற்றில் சுற்றிய நாடா வழுக்கியதே தவிரப் பிடிக்கவில்லை. கடைசியாகப் பல்லைக் கடித்து, கையாலேயே கயிற்றைப் பிடித்து உடம்பைத் தூக்கினார். முடிச்சு இளகியது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடா அந்த இளகலுக்குள் புகுந்தது. கை சோர்ந்தது, உடம்பு இறங்கியது, முடிச்சு நாடாவையும் சேர்த்து இறுக்கியது. ஆப்பசைத்த குரங்காக, கயிற்றோடு கன்னம் ஒட்டத் தொங்கினார் மாப்பிள்ளை.

"இப்படி அடிக்கடி நடக்குமா?" பெண்மணி கைப்பேசியில் படம் பிடித்தார்.

"வாரத்துக்கு ரெண்டு பேராவது மாட்டுவாங்க மேடம். அப்பத்தான் பயம் தெளியும்."

"யார் இறக்கிவிடுவாங்க?"

"யாரும் மாட்டாங்க! தானா இறங்கணும். அதுதான் நம்ம ஸ்பெஷல்."

"மேல அந்த இரும்பு உத்தரம் ரொம்பத் துருப்பிடிச்ச மாதிரி இருக்கே?"

"பழசு சார். பழசுதான் தாங்கும்."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. கழுத்துதான் வலித்தது.

கூட்டிப் பெருக்கும் அம்மா சத்தம் கேட்டு உள்ளே வந்து, "அடக் கடவுளே!" என்று ஏணியைச் சாய்த்தார். ஏணியில் கால் பட்டதும் முடிச்சு இளகியது, நாடா விடுபட்டது. ஒற்றை ஷூவோடு இறங்கி மாப்பிள்ளை கும்பிட்டார்.

பெண்மணி கை குலுக்கினார். "இவ்வளவு வெளிப்படையா யாருமே எங்களுக்குக் காட்டினதில்லை. ரொம்ப நன்றி."

அவர்கள் வாசலைத் தாண்டியதுமே மாப்பிள்ளை மனைவியைக் கூப்பிட்டார். "ஏய், உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு! நாலு பேரைச் சேர்த்துட்டேன். இனிமே காலணிக்கு வேற ஆளைப் பார்க்கச் சொல்லு!"

ஏணியை மடக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"சேர வந்தவங்களா? வாசல்லயே என்கிட்ட அட்டையைக் காட்டினாங்களே மாப்பிள்ளை சார், இந்த இடத்துக்கு லைசென்ஸ் குடுக்கலாமா வேண்டாமான்னு பார்க்க வந்த ஆபீசருங்க!"