யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்

கூச்ச சுபாவம் உள்ளவன் பெருமையடிக்க ஆசைப்படக் கூடாது. பழக்கமில்லாததால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். நடவு சமயத்தில் ஈர வரப்பில் உட்காரக் கையில் கிடைத்த சாக்கை விரித்துக்கொள்வேன். ஒரு குறுவையில் நான் விரித்தது, களைக்கொல்லியை மணலோடு கலந்து வைத்திருந்த சாக்கு. அதன் பிறகு பல வாரம் எங்கேயும் உட்காரவில்லை. (உறவுக்காரர் கல்யாணத்தில் கடைசிப் பந்தி வரை நின்று பரிமாறினேன். பொறுப்பான ஆள் என்று பேர் வந்தது.)

தஞ்சாவூரில் தோல் டாக்டரம்மா குணப்படுத்தினார். "ஐயா, இத மருத்துவ இதழ்ல எழுதினா மத்த டாக்டருங்களுக்கு உதவும். போட்டோ வேணும். முகம் வராது" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையைச் சீவிக்கொண்டு நின்றேன். கேமரா பின்னால் இருந்தது.

அடுத்த வருடம் மகளுக்கு நன்னிலத்தில் வரன் அமைந்தது. அவளுக்குப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. அவன் அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று விவசாயம் பார்ப்பவர். நான் பத்தாவது. அவர் முன்னால் ஏதாவது உளறிவிடுவேனோ என்று வெற்றிலையைப் போட்டு வாயை அடைத்துக்கொள்வேன்.

தட்டு மாற்ற நாள் குறித்த சமயத்தில் டாக்டரம்மா போன் செய்தார்.

"நம்ம கட்டுரை வந்துடுச்சுங்கய்யா. முன்னெல்லாம் டாக்டருங்க பணம் கட்டித்தான் படிக்கணும். இப்ப அந்த இதழ முழுசா நெட்ல ஏத்திட்டாங்க. பெரிய பெரிய படமெல்லாம் சேத்திருக்காங்க. யாரு வேணா பாக்கலாம்."

லிங்க் வந்தது. திறந்தால் எல்லாம் இங்கிலீஷ். படம் வர வேண்டிய இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மரியாதையான இதழில் அதையெல்லாமா போடுவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு, இரண்டு வீட்டாரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் அனுப்பினேன். 'மருத்துவ இதழில் என்னைப் பற்றிய கட்டுரை. அனைவரும் படிக்கவும்.'

மனைவி போனோடு வந்தாள். அவள் போனில் வட்டம் நின்றிருந்தது.

"இத்தன வருஷத்துல நானே இவ்ளோ வெளிச்சத்துல பாத்ததில்ல."

அவசரமாக அழித்தேன். என் போனில் மட்டும் அழிந்தது.

மகள் அறைக்கதவைத் திறந்தாள். "அவங்க டிவியில போட்டுப் பாத்துட்டாங்கப்பா. பெருசா." கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் அழுவது கேட்டது. அந்தச் சத்தத்துக்கு முன்னால் படமெல்லாம் ஒன்றுமில்லை.

நன்னிலத்திலிருந்து பேச்சே இல்லை. மன்னிப்புக் கேட்பதை மோட்டார் கொட்டகையில் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அங்கேயே பையனின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. குரல் தணிவாக இருந்தது.

"சம்பந்தி, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லீங்க. தெ... தெரியாம, வந்து... தெரியாம அனுப்பிட்டேங்க, மன்னிச்சிடுங்க."

"அது கெடக்கட்டும். கட்டுரைய முழுசாப் படிச்சேன். அதுல ஒரு களிம்பு போட்டிருக்கே, அது கேக்குதா?"

"கே... கேட்டுதுங்க. ஏ... ஏங்க?"

"நானும் சாக்குதாங்க விரிச்சேன். யார்ட்ட காட்டுறதுன்னு கூச்சப்பட்டுக்கிட்டு கெடக்கேன்."

"எங்க டாக்டரம்மாகிட்ட வந்துடுங்க. போட்டோ மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க" என்றேன். அவரிடம் நான் தடுமாறாமல் பேசிய முதல் வாக்கியம் அது.

தட்டு மாற்றினோம், கல்யாணமும் நடந்தது. கட்டுரை இன்னும் நெட்டில் இருக்கிறது. நான் நன்னிலம் போனால் மாப்பிள்ளை நாற்காலியைத் தட்டிப் போடுவார். "பாத்துட்டுத்தான் போட்டிருக்கேன், தைரியமா ஒக்காருங்க மாமா." வீடே சிரிக்கும். சம்பந்தி மட்டும் சிரிக்காமல் எனக்கு வெற்றிலைத் தட்டை நகர்த்துவார்.