டிக்கியில் ஏறிய மாமா

பழைய கார் வாங்கியவன் அதன்பிறகு பாட்டுக் கேட்பதில்லை, சத்தம்தான் கேட்பான். எண்பதைத் தொட்டதும் என் காரின் ஸ்டியரிங் காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கும். பின்னாலிருந்து ‘டப் டப்’ என்று ஏதோ அடிக்கும். வீல் பேலன்சிங் செய்ததும் நடுக்கம் நின்றது, சத்தம் நிற்கவில்லை. அதே வேகத்தில் நியூட்ரலில் விட்டுப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருந்தது. அப்படியானால் இன்ஜின் இல்லை. லேசாக இடமும் வலமும் வளைத்துப் பார்த்தேன்; அப்போதும் மாறவில்லை. பேரிங்கும் இல்லை. (எல்லாம் வீடியோ பார்த்து வந்த ஞானம்.)

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இனி அவர்கள் ராஜபாளையம் வந்து எங்கள் வீடு பார்த்துச் சரி சொல்ல வேண்டும். உறவுக்காரர்கள் வேனில் கிளம்ப, பெண்ணின் அப்பாவை மட்டும் நான் என் காரில் ஏற்றிக்கொண்டேன். ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். கஞ்சி போட்ட வேட்டி, முறுக்கிய மீசை. (சார் என்பதா, மாமா என்பதா என்று தெரியாமல் ‘வந்து...’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.)

ஊரைத் தாண்டி எண்பதைத் தொட்டேன். டப் டப்.

“தம்பி, பின்னால என்னமோ அடிக்கே?”

இப்படிக் கேட்க ஒரு ஆள் கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்தவன் நான். ஆராய்ச்சி முழுவதையும் ஒப்பித்தேன். “டிக்கிக்குள்ள ஆள் படுத்துக் கேட்டாத்தான் தெரியும்” என்று கடைசியில் உளறியும் விட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். “வண்டிய ஓரங்கட்டு.”

கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். இறங்கியவர் வேட்டியை மடித்துக் கட்டினார். “ஸ்டெப்னியத் தூக்கிப் பின்சீட்டுல போடு. நான் படுக்கேன். நீ எம்பதுலயே புடி.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் மூடினேன். மாமனாராக வரப்போகிறவரை டிக்கியில் வைத்து மூடியவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

கொஞ்ச தூரத்தில் போலீஸ் கைகாட்டியது. வாகனச் சோதனை. ஏட்டையா ஜன்னலருகே குனிந்தார்.

பின்னாலிருந்து குரல் வந்தது. “ஏன் நிப்பாட்டுன? எடது பக்கந்தான் அடிக்கு! இன்னும் வேகமாப் போ!”

“ஏலே, டிக்கிக்குள்ள யாரு?”

“பொண்ணோட அப்பா சார்.”

“பொண்ணு எங்கலே?”

“வீட்டுல இருக்கு சார். அவுகளுக்கு இது தெரியாது.”

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் சொல்லச் சொல்ல ஏட்டையாவின் முகம் மாறிக்கொண்டே போனது. சாவியைப் பிடுங்கி அவரே டிக்கியைத் திறந்தார். உள்ளே வேட்டியெல்லாம் கிரீஸோடு, ஜாக்கியைக் கட்டிப்பிடித்தபடி மாமா. சரியாக அந்த நேரத்தில்தானா பெண் வீட்டு வேன் வந்து நிற்க வேண்டும்!

முதலில் பெண்ணின் அம்மா குதித்திறங்கினார். “ஏங்க! உங்கள எதுக்கு இதுக்குள்ள போட்டு அடைச்சான்?”

மாமா டிக்கியிலிருந்து இறங்கினார். “சத்தம் பாக்கோம் ஏட்டையா, செத்த இருங்க” என்றபடி மண்டிபோட்டு, பம்பருக்கு அடியில் இடது பக்கமாகக் கையை விட்டு எதையோ இழுத்தார். கறுப்புக் கயிற்றில் ஒற்றைச் செருப்பு. கார் வாங்கிய அன்று திருஷ்டிக்காக அம்மா கட்டியது. வேகம் கூடினால் காற்றில் எழும்பித் தகரத்தில் அடித்திருக்கிறது.

செருப்பும் கையுமாக மாமா என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, வேண்டாம்ணே! போலீசு பாத்துக்கிடும்!” என்று அவருடைய தங்கை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் அதற்குள் இரண்டு கன்னத்தையும் பொத்தியிருந்தேன்.

“எதுக்குலே கன்னத்தப் பொத்துத? சத்தம் இதுதாம்லே!”

‘தம்பி’ அங்கேதான் ‘லே’ ஆனது. அது உரிமையில் வந்த ‘லே’ என்று அப்போது எனக்குப் புரியவில்லை. உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது, பேலன்சிங் செய்வதற்கு முந்திய என் ஸ்டியரிங் மாதிரி.

அன்று எங்கள் வீட்டை யாரும் சரியாகப் பார்க்கவே இல்லை. அம்மாவோ, “இந்தச் செருப்பு இருந்ததாலதான் அத்தோட போச்சு” என்று அதை மறுபடி கட்டிவிட்டார், இந்த முறை கம்பி போட்டு இறுக்கி. மாமா சரி சொன்னார். ஏன் என்று பிறகு கேட்டேன். “போலீசுக்கு முன்னாலயும் மாத்திப் பேசத் தெரியல. நீ எம்பொண்ணுகிட்ட என்னத்த மறைச்சிரப்போற?”

கல்யாணமாகிப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகிறான். இன்றும் எங்கள் காரில் ஏறுமுன் அத்தை நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்து பார்க்கிறார். போன வாரமும் பார்த்தார்.

“அதான் மாமா முன்சீட்டுல இருக்காகளே, அத்தை?”

“அவுக இருக்காக மாப்ள. வேற யாரும் இருக்காகளான்னு பாக்கேன்.”