மாப்பிள்ளையின் ஸ்கோப்

மானைப் பார்க்க வேண்டிய இடத்தில் ருவனுக்கு ஒரே ஒரு முடி தெரிந்தது.

பழுப்பு நிற முடி. நல்ல ஆரோக்கியமான முடி. ஒரு முடியை வேர் முதல் நுனி வரை அவ்வளவு துல்லியமாக அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. அது மானின் எந்தப் பகுதியில் முளைத்திருக்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

"சுடுப்பா," என்றார் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்த டென்ட்லிங்கர்.

"எதை மாமா?"

"மானைத்தான். வேற எதை, என்னையா?"

"முடி மட்டும்தான் மாமா தெரியுது."

"அப்போ போய்ச் சவரம் பண்ணிட்டு வா."

ருவன் துப்பாக்கியை ஒரு நூல் இடப்பக்கம் நகர்த்தினான். ஒரு புல் தெரிந்தது. ஒரு நூல் வலப்பக்கம் நகர்த்தினான். வானம் தெரிந்தது. கடைசியில் மான் நின்ற இடத்தை அவன் கண்டுபிடித்தபோது, இடம் மட்டும் அங்கேயே இருந்தது. மான் செம்மணல் மேட்டைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

அது வெறும் மான் அல்ல, அவனுடைய கல்யாணம். ரெஹோபோத்துக்குத் தெற்கே இருந்த அந்தப் பண்ணையில் டென்ட்லிங்கர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கல்யாணப் பந்தியில் வைக்கும் கறியில் ஒரு மானாவது மாப்பிள்ளை கையால் விழுந்திருக்க வேண்டும். அது விழும்வரை பெண் கேட்டு யாரும் வாய் திறக்கக் கூடாது. அவருடைய மகள் ஆனலீன் கடலோர ஊரில் நர்ஸ். ருவன் தலைநகர் விண்ட்ஹுக்கில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், இடிபட்ட கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது முன்னாடியே இருந்த கீறல்" என்று எழுதுகிற வேலையில் இருந்தான். அவன் வாழ்க்கையில் அதுவரை எந்தப் பிராணியையும் சுட்டதில்லை. துப்பாக்கி சித்தப்பா மகனுடையது. அதன்மேல் மாட்டியிருந்த, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் மட்டும் சொந்தம். கடையில் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கியிருந்தான்.

டென்ட்லிங்கரோ அவருடைய அப்பாவின் துப்பாக்கியை, குறி பார்க்க அதன் நுனியில் இருக்கும் இரும்புப் பொட்டு ஒன்றை மட்டும் நம்பி வைத்திருப்பவர். ஸ்கோப் என்ற சொல்லை அவர் வாயால் சொன்னதே கிடையாது. அவருக்கு அது குழாய்.

"இப்படிக் கொடு அந்தக் குழாயை," என்றார்.

குண்டுகளை இறக்கி, துப்பாக்கி சுடாதபடி அதன் போல்ட்டையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணை வைத்தார். இந்தத் திருகைத் திருகினார். அந்தத் திருகைத் திருகினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தொண்டைக்குள் ஏதோ ஒரு சத்தம் எழுந்து, இருமலாக வெளியே வந்தது.

"மாமா, மான் வந்துடுச்சா?"

"பக்கத்து கோலின் பண்ணையில, தண்ணி இறைக்கற காத்தாடி மேல ஓர் ஏணி சாத்தியிருக்கு."

"சரி."

"என் ஏணி. நீலப் பெயின்ட். நான் பார்க்கவே இல்லைன்னு சர்ச் வாசல்ல நின்னு சொன்னான் பாவி."

கண்ணை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஏணியின் படிகளை எல்லாம் எண்ணி முடித்த பிறகே துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்.

"கனம் ஜாஸ்தி. தூக்கிட்டு நடந்தா தோள்பட்டை இறங்கிடும். இதெல்லாம் மான் சுடறதுக்கு இல்ல, ஏணி தேடறதுக்கு. அடுத்த சனிக்கிழமை சின்னதா ஒண்ணு மாட்டிட்டு வா."

அன்றிரவு ஆனலீன் ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதே. உங்கப்பா என்னை வேண்டாம்னு சொல்லிட்டார்."

"வேண்டாம்னு சொன்னாரா, வான்னு சொன்னாரா?"

"வான்னுதான் சொன்னார்."

"இதுக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான். அவனைக் காபி ஆறறதுக்குள்ள கேட்டுக்கு வெளியே விட்டுட்டு வந்தார். நீ போடா, தைரியமா போ."

விண்ட்ஹுக் துப்பாக்கிக் கடையில் எக்கேஹார்ட் என்ற மனிதர் இருந்தார். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடும் டாக்டர் மாதிரி அவர் ருவனைப் பார்த்தார்.

"முடி தெரிஞ்சுதா?"

"எப்படி சார் தெரியும்?"

"அதை வாங்கினவங்க எல்லாரும் அடுத்த வாரம் முடியோடதான் வருவாங்க. கீறல் இல்லையே? மாத்திக்கலாம்."

மேசைமேல் உள்ளங்கை நீளத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். நான்கு மடங்குதான் பெரிதாக்கும். எடையே தெரியவில்லை. ருவன் கண்ணை வைத்துத் தெருவைப் பார்த்தான். எதிர்ப்பக்கம் நடந்துபோன பெண்மணி, தலை முதல் கால் வரை, பையோடு சேர்ந்து முழுசாகத் தெரிந்தாள். முழுசாக ஒரு பிராணியைப் பார்ப்பதில் இவ்வளவு நிம்மதி இருக்கிறதா என்று அவனுக்கு வியப்பாக இருந்தது.

"இதுல குறிப்பலகையும் சுடலாம், மானும் சுடலாம்," என்றார் எக்கேஹார்ட்.

"கல்யாணம்?"

"அதுக்கு நாங்க உத்தரவாதம் கொடுக்கறதில்ல."

அடுத்த சனிக்கிழமை. அந்தப் பண்ணையில் இன்னொரு சட்டமும் உண்டு. வேட்டைக்குக் கிளம்புமுன், கறையான் புற்றில் குத்தி வைத்த காகிதத் தட்டைச் சுட்டுக் காட்ட வேண்டும். துப்பாக்கி நேராகச் சுடுகிறதா என்று தெரியாமல் எவனையும் மான் பக்கம் விடமாட்டார்கள். ருவன் சுட்டான். தட்டில் மூன்று ஓட்டைகள், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு.

"ம்," என்றார் டென்ட்லிங்கர். அவர் வாயிலிருந்து வந்தவற்றில் அதுதான் மிக நீளமான பாராட்டு என்று பின்னால் தெரிந்தது.

ஆனால் மான்கள் மாலை வரை வரவில்லை. வந்தபோது ஒரு முள்மரத்தின் அடர்ந்த நிழலுக்குள் போய் நின்றுகொண்டன. சூரியன் கீழே இறங்கியிருந்தது. ருவன் கண்ணை வைத்தான். நிழல் கறுப்பு. ஸ்கோப்புக்குள் குறி வைக்க இருந்த குறுக்குக் கோடும் கறுப்பு.

"மாமா, கோட்டைக் காணோம்."

"காணோம்னா போலீஸ்ல எழுதிக் கொடு."

"நிஜமாவே தெரியல மாமா. மான் தெரியுது, மரம் தெரியுது, எங்கே குறி வைக்கணும்னு மட்டும் தெரியல."

"கொடு."

மறுபடியும் குண்டுகளை இறக்கினார். மறுபடியும் போல்ட் சட்டைப்பைக்குள் போனது. மான்கள் பாட்டுக்கு மேய்ந்தன. அவர் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார், நிழலுக்குத் திருப்பிப் பார்த்தார். மான்கள் மேய்ந்து முடித்துப் போன பிறகும் பார்த்தார்.

"வெயில்ல நல்லாத்தான் இருக்கு. தூக்கறதுக்கும் சுகம். சாயங்காலம் ஆனா இது வெறும் குழாய்." எழுந்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். "இப்போ உள்ளே விளக்கு எரியற மாதிரி விக்கறானாமே? நடுவுல சிவப்பா ஒரு பொட்டு. விளக்குப் போட்டு வேட்டையாடறான். வெட்கங்கெட்ட ஜனம்."

"ஆமாம் மாமா."

"அடுத்த வாரம் ஒண்ணு கொண்டு வா. எவ்வளவு வெட்கக்கேடுன்னு பார்க்கலாம்."

ருவன் மறுபடியும் எக்கேஹார்ட் முன் போய் நின்றான்.

"கோடு காணாமப் போச்சா?" என்றார் எக்கேஹார்ட்.

இந்த முறை அவர் கொடுத்ததும் அதே உள்ளங்கை நீளம்தான். ஆனால் பக்கத்தில் ஒரு திருகு. திருகினால் கோடுகள் சேரும் இடத்தில் குங்குமம் வைத்ததுபோல் ஒரு சிவப்புப் புள்ளி பூத்தது. ருவனுக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கியது. அந்தப் புள்ளிக்கு அப்பால் ஆனலீன் வெள்ளை உடையில் நிற்பதாகவே பட்டது.

"மங்கலான நேரத்துல கம்மியா வைங்க, வெயில்ல ஜாஸ்தியா வைங்க. கண்ணை நாலு விரல் தள்ளியே வைங்க. வேலை முடிஞ்சா அணைச்சிடுங்க. மாட்டித் தரட்டுமா?"

"நானே மாட்டிக்கறேன் சார். இப்போ பழகிடுச்சு."

பழகிவிட்டது என்று நினைக்கிறவர்களால்தான் அவனுடைய கம்பெனியே பிழைத்துக்கொண்டிருந்தது. அது அப்போது அவனுக்கு நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் மாட்டினான். விளக்கைப் போட்டு அழகு பார்த்தான். உறையில் போட்டு மூடினான். அணைக்கவில்லை. அந்தச் சிவப்புப் புள்ளி இருட்டில், யாருக்கும் பயன்படாமல், வாரம் முழுக்க எரிந்தது.

சனிக்கிழமை பண்ணையில் திருகைத் திருகினால் ஒன்றும் இல்லை.

"என்ன, விளக்கு எங்கே?" டென்ட்லிங்கரின் குரலில் கேலியைவிட ஏமாற்றம் அதிகம் இருந்ததுபோல் ருவனுக்குத் தோன்றியது. தோன்றியதை நம்பவில்லை.

"பேட்டரி தீர்ந்துபோச்சு மாமா. காசு மாதிரி வட்டமா ஒண்ணு வேணும். ரெஹோபோத் போய் வாங்கிட்டு..."

"நில்லு."

சமையலறைக்குப் போனவர் ஒரு பேட்டரியோடு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி வில்ஹெல்மினா, கையெல்லாம் மாவோடு வந்தாள்.

"என் தராசுல இருந்து பிடுங்கிட்டுப் போறீங்களே, நான் மாவை எப்படி நிறுக்கறது?"

"கண்ணால நிறு. எங்கம்மா அப்படித்தான் நிறுத்தா."

"உங்கம்மா சுட்ட கேக்கை நாய்கூடத் தின்னல."

பேட்டரி பொருந்தியது. ஆனால் அது நிறைய மாவு பார்த்த பேட்டரி. நடுப்பகல் வெயிலில், திருகை முழுதாகத் திருப்பியும், புள்ளி ஒரு நோயாளியைப் போல மினுங்கியது. தட்டுக்கு முன் படுத்த ருவனுக்கு அது தெரிந்தும் தெரியாததுமாக இருந்தது. கண்ணைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனான். சற்றுத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் முன்னால். ஏற்கனவே அவன் ஸ்கோப்பை ஒரு விரல் பின்தள்ளியே மாட்டியிருந்தான். இப்போது புருவம் கண்ணாடிக்குப் பக்கத்து வீடு ஆகிவிட்டது.

விசையை அழுத்தினான்.

தோளில் விழவேண்டிய உதை, ஸ்கோப்பின் விளிம்போடு நெற்றி வரைக்கும் வந்தது. ருவன் மல்லாந்து கிடந்தான். புருவத்துக்குமேல் பிறை வடிவில் ஒரு வெட்டு, அதிலிருந்து சூடாக ஏதோ காது நோக்கி வழிந்தது. டென்ட்லிங்கர் பூட்ஸ் சத்தத்தோடு ஓடி வந்தார். வந்து, அவனைத் தாண்டி, துப்பாக்கியைத் தூக்கினார்.

"கண்ணாடி உடைஞ்சுதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமா," என்றான் ருவன் தரையிலிருந்து.

"ஒரு கீறல்கூட இல்ல!" அவர் குரல் தழுதழுத்தது. "விளக்குகூட அணையல! என்ன மாதிரிக் கட்டி வச்சிருக்கான்!" பிறகு கீழே பார்த்தார். "அடடா. நீ உள்ளே போ. வில்ஹெல்மினா, தம்பிக்கு ஒரு துணி கொடு!"

தட்டின் நடுவில் ஒரே ஓர் ஓட்டை, காம்பஸ் வைத்துக் குத்தியதுபோல். அதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

சமையலறையில் வில்ஹெல்மினா அவன் நெற்றியைத் துடைத்து, மருந்து வைத்து, ஒட்டுப் போட்டாள். மேசைமேல் செத்துப்போன தராசும், நிறுக்கப்படாத மாவும், கனமான காபிக் கோப்பையும். தட்டு நிறைய உப்புக்கண்டம் நறுக்கி வைத்திருந்தாள். ருவன் தொடவில்லை. நெற்றியில் இப்படி ஓர் அடையாளத்தோடு ஊருக்குள் போனால், சின்னப் பிள்ளைகூட இவன் துப்பாக்கிக்குப் புதுசு என்று சொல்லிவிடும்.

சாயங்காலம் ஆகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே டென்ட்லிங்கர் இன்னும் குப்புறப் படுத்துக் கிடந்தார். போல்ட் வழக்கம்போல் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. வெளிச்சம் குறையக் குறைய விளக்கைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"தம்பி, இதுல திருகு கொஞ்சம் சின்னதா இருக்கு. குளிர்ல கையுறை போட்டா பிடிக்க வராது. பெரிய திருகு வச்சு ஏதாவது இருக்கான்னு கேட்டு, அடுத்த சனிக்கிழமை கொண்டு வா."

தலை மறைந்தது.

ருவன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அத்தை, நான் நேராவே சொல்லிடறேன். எனக்கு வேட்டை வராது. இத்தனை வாரம் பார்த்துட்டேன், ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு குறை. அடுத்த வாரமும் ஒரு குறை இருக்கும். நான் கார்ல விழுந்த கீறலைப் பார்த்துச் சம்பாதிக்கறவன். என்னால அவருக்கு ஏத்த வேட்டைக்காரன் ஆக முடியாது. ஆனா ஆனலீனை விட்டுட்டுப் போகவும் என்னால முடியாது. வேணும்னா வருஷம் முழுக்கச் சனிக்கிழமை சனிக்கிழமையா வந்து அவர்கிட்ட திட்டு வாங்கறேன். என்னை வேண்டாம்னு மட்டும் முடிவு பண்ண வேண்டாம்னு சொல்லுங்க."

வில்ஹெல்மினா கையிலிருந்த மாவைத் துண்டில் துடைத்துக்கொண்டு, உப்புக்கண்டத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உன்னை முதல் சனிக்கிழமையே முடிவு பண்ணி, பாஸ்டர்கிட்ட கல்யாணத் தேதியும் வாங்கிட்டார் தம்பி, இந்த மனுஷன் இன்னும் முடிவு பண்ண முடியாம தவிக்கறது, இத்தனை வருஷம் கேலி பண்ணிட்டு இப்போ தனக்கு எந்த ஸ்கோப் வாங்கறதுன்னுதான்."