சனியைத் தேடிப் போன அத்தான்

மும்பைத் தமிழர்கள் அத்தனை பேரும் சனி பகவானிடமிருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருக்க, அவரைத் தானாகத் தேடிப் போன ஒரே மனிதர் என் அக்காவின் கணவர்தான். திலக் நகர் கட்டடத்தில் அவருக்கு 'ஏழரை அண்ணாச்சி' என்று பெயர். எனக்கு அத்தான். அதை வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும்.

தெருவில் அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார். சாக்கடையில் கால் விடுவார். விட்ட காலை எடுக்காமலே "மாப்ள, அந்தா வெள்ளி" என்பார். நான் பத்தடி பின்தங்கி, யாரோ எவரோ மாதிரி வருவேன்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு டெலஸ்கோப் வாங்கினார். ஸ்டாண்டின் மூன்று கால்களும் மூன்று உயரத்தில் நின்றன. பட்டப்பகலில், மூடியைக் கழற்றாமலே கண்ணை வைத்து, "என்னா இருட்டு பாத்தியா மாப்ள, வானம்னா இதுல்லா வானம்" என்று உருகினார்.

பெரிய குழாயின் முதுகில் குறி பார்க்க ஒரு சின்னக் குழாய் உண்டு. இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கவேண்டும். பகலிலேயே, தூரத்தில் அசையாமல் இருக்கும் எதையாவது வைத்து அதைச் சரிசெய்ய வேண்டுமாம். அத்தான் தேர்ந்தெடுத்தது எதிர்க் கட்டடத்து டிஷ் ஆன்டெனா. அது இருந்ததோ ஒரு பாலக்காட்டு மாமியின் பால்கனியில். மாமி அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் மாமி எங்கள் மொட்டை மாடியில் நின்றார். பின்னால் பாதிக் கட்டடம்.

"என் பால்கனியில என்ன பாக்கறேள்?"

"டிஷ்ஷைத்தான் மாமி. சின்னக் குழாயில அதுவும் தலைகீழாத்தான் தெரியுது." சமாதானம் சொல்வதாக அத்தானுக்கு நினைப்பு. எல்லாம் சனியைப் பார்க்கத்தான் என்றும் விளக்கினார்.

"நேக்கு ஏழரை நடக்கறது. நீங்க குழாய் வெச்சு வேற இழுக்கறேளா?"

கூட்டம் சிரித்தது. வயதுக்கு ஏற்ற வேலையா இது என்று யாரோ இந்தியில் கேட்டார்கள். நான் தண்ணீர் டாங்க்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அத்தானின் முகம் செத்துவிட்டது. டெலஸ்கோப்பைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

அன்றிலிருந்து தரையைப் பார்த்தே நடந்தார். ஒரு சாக்கடையிலும் கால் படவில்லை. அக்காவுக்கு அதுவே பயமாக இருந்தது. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது, இந்த முறை அவரால் அல்ல, என்னால். மாமி வீட்டுக்குப் போனேன். அடுப்பில் பால் பொங்கினாலும் கண்ணில் படாத மனிதர், டிஷ்ஷைத் தவிர எதையும் பார்த்திருக்கமாட்டார் என்றேன். மாமி உலர்ந்த துணிகளை மடிக்க உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம், கோவிலில் எள் விளக்கு ஏற்றிவிட்டு, மாமியே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கோவில்ல அவருக்கு நேர நிக்கப்படாதும்பா. இதுல எப்படிப் பாக்கறது?"

அத்தான் நிமிர்ந்தார். "நேர நிக்க வேண்டாம் மாமி. உள்ள ஒரு கண்ணாடி இருக்கு. பக்கவாட்டுல நின்னு குனிஞ்சாப் போதும்."

மாடியில், இருட்டியதும், மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"பாவம், வளையத்தைச் சுத்திண்டு இத்தனூண்டா இருக்கார்" என்றார். பிறகு அத்தானிடம், "அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கப்படாது."

அத்தான் மறுபடியும் அண்ணாந்துதான் நடக்கிறார். நான் இப்போது பத்தடி பின்னால் வருவதில்லை. சாக்கடை வந்தால் கையைப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டாமா?