கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள், மூச்சைப் பிடித்தேன்

ஞானம் தேடிப் புறப்பட்டவர்கள் மலைக்குப் போவார்கள், காட்டுக்குப் போவார்கள். நான் வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போனேன். போன வேகத்தில் கடலுக்குள்ளேயும் போய்விட்டேன். தூத்துக்குடியில் ஆன்மிகத்தால் தலைகுப்புற விழுந்தவன் என்று ஒருவனைக் காட்டச் சொன்னால், இன்றைக்கும் எங்கள் தெருவில் கூச்சமே இல்லாமல் என்னைத்தான் காட்டுவார்கள்.

எழுபத்தைந்தோ எழுபத்தாறோ, சரியாக நினைவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. பஸ் நிலையத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று கிடைத்தது. முதல் எட்டுப் பக்கங்கள் இல்லை. (எச்சரிக்கை ஏதாவது அந்த எட்டுப் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.) குகையில் போய் உட்கார வேண்டாம், அன்றாட வேலைகளிலேயே மேலான உணர்வு நிலையை எட்டலாம் என்றது அந்தப் புத்தகம். எனக்குக் குகை என்றாலே பயம். ஆகவே அந்த வழி ரொம்பப் பிடித்துப்போனது.

முதலில் சாப்பாட்டில் தொடங்கினேன். ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும். எங்களுக்குத் தாயும் தகப்பனும் இல்லை, என்னை வளர்த்தவள் ரெஜி அக்காதான். அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் எனக்குச் சாப்பாடு அவள் வீட்டில்தான். ஊளிமீன் குழம்பு ஆறி ஆடை கட்டும்வரை கண்ணை மூடி மென்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து அவள் சொன்னாள்: "ஏலே செபஸ்தி, மாடு கூட மெல்லும்போது கண்ணத் தொறந்து வச்சிருக்கும்லே!"

அடுத்தது கோபத்தை வெல்வது. யார் திட்டினாலும் சாட்சியாக நின்று புன்னகைக்க வேண்டும் என்றது புத்தகம். அப்போது நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். கொழும்புக்குப் போக வேண்டிய கடிதத்தைக் கொச்சிக்கு அனுப்பிவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினார். நான் புன்னகைத்தேன். அவர் மேஜையைத் தட்டினார். நான் இன்னும் ஆழமாகப் புன்னகைத்தேன். "என்னவே, நக்கலா?" என்றார். அந்தக் கேள்வியையும் சாட்சியாக நின்று பார்த்தேன். மறுநாளிலிருந்து நான் வேலைக்கு வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இப்படி வேலையில்லாமல் மேலான நிலையில் இருந்தபோதுதான் மிக்கேல் அத்தான் என்னைக் கூப்பிட்டார். ரெஜி அக்காவின் வீட்டுக்காரர். சங்கு குளிக்கிறவர். அந்தக் காலத்திலேயே மற்றவர்கள் முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு சும்மா குதிக்கத் தொடங்கிவிட்டார்கள். அத்தான் மட்டும் பழைய முறைக்காரர். காலைக் கல்லில் ஊன்றி எட்டுப் பாகம், அதாவது ஐம்பது அடிக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்துக்கு இறங்குவார். இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனை வள்ளத்தில் இருப்பவன் கையில். கீழேயிருந்து ஓர் இழுப்பு வந்தால் மேலே இருப்பவன் அந்தக் கணமே இழுத்துத் தூக்க வேண்டும்.

அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டார்கள். பொண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும், அது எங்கள் கடற்கரை வழக்கம். கூடப்பிறந்தவள் தாலி அறுவதை எவனும் விரும்ப மாட்டான், ஆகவே கை தளராது என்று கணக்கு. ரெஜி அக்காவுக்கு நான் ஒருவன்தான் தம்பி. அவளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அதுவரை பிடித்துவந்த அத்தானின் தாய்மாமனுக்குக் கண் மங்கிவிட்டது. ஆக, முறைப்படி கயிறு என் கைக்கு வந்தது.

புறப்படும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு உசிரு ஒன் கையிலல்லா இருக்கு. அந்தப் புஸ்தகம், தியானம், மண்ணாங்கட்டி எல்லாத்தையும் இங்கன வச்சிட்டுப் போ. அந்தோணியார் மேல சத்தியம் பண்ணு" என்றாள். சத்தியம் பண்ணினேன். புத்தகத்தையும் வீட்டில்தான் வைத்தேன். ஆனால் மூச்சை அடக்கி மனதை ஒருமுகப்படுத்தினால் ஒளி தெரியும் என்ற எழுபதாம் பக்கம் எனக்கு மனப்பாடம்.

தவக்காலத்துச் சனிக்கிழமை காலை. கடல் அசையாமல் கிடந்தது. வள்ளத்துக்குத் தண்டல், அதாவது தலைவர், சூசை அண்ணாச்சி. பாறைபோல உட்கார்ந்து வெற்றிலை போடுவார். அத்தான் சிலுவை போட்டுக்கொண்டு மூச்சை இழுத்தார், இறங்கினார். நான் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். மனதுக்குள் எண்ணினேன். எழுபதை நெருங்கும்போது இழுப்பு வந்தது. நானும் இழுத்தேன், அத்தான் பை நிறையச் சங்கோடு வந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்று முறை ஒழுங்காகவே இருந்தது.

நான் அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் புத்தி சும்மா இருக்கவில்லை. அட, எந்தப் புத்தகமும் படிக்காமல் இந்த மனிதர் தினம் ஐம்பது முறை மூச்சை அடக்குகிறாரே, இவரல்லவா யோகி! வள்ளத்து விளிம்பைப் பிடித்து இளைப்பாறிக்கொண்டிருந்தவரிடம் பணிவாகக் கேட்டேன்.

"அத்தான், கீழ இருக்கும்போது என்ன நெனப்பீங்க?"

"சங்க நெனப்பேன்."

"அதுக்கு அப்புறம்?"

"அடுத்த சங்க நெனப்பேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதைத்தான் ஒருமுகப்பட்ட மனம் என்று எழுபதாம் பக்கம் சொல்லியிருந்தது. "வேற எதுவுமே தோணாதா அத்தான்?"

"பசிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி இறங்கிவிட்டார்.

அந்தக் கணத்தில்தான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. அவர் கீழே மூச்சை அடக்கும்போது நான் மேலே அடக்கினால் என்ன? இரண்டு பேருக்கும் நடுவில் கயிறு இருக்கிறது. இரண்டு உணர்வுகளும் ஒன்றாகிவிடாதா? நாலாவது முறையில் இருபத்தைந்துவரை தாக்குப்பிடித்தேன். ஐந்தாவதில் நாற்பது. இதெல்லாம் அக்கா கணவரின் மீதுள்ள அக்கறையைக் கூட்டத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (இருபத்திரண்டு வயதில் மனிதன் தனக்குத் தானே எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்வான்.)

ஆறாவது முறை. எழுபதாம் பக்கம் சொன்னபடி முதலில் இருபது தடவை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டேன். சூசை அண்ணாச்சி வெற்றிலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்னடே, இளைப்பு வியாதி இருக்கா?" என்றார். நான் அவருக்கும் ஒரு புன்னகையைத் தந்துவிட்டு மூச்சை அடக்கினேன்.

ஐம்பதில் காது ரீங்கரித்தது. அறுபதில் கண்ணுக்கு முன் பொன் புள்ளிகள் பறந்தன. பிறகு வந்தது பாருங்கள் அந்த ஒளி! வட்டமாக, வெள்ளையாக, புத்தகத்தில் படித்தபடியே! அடடா, கிடைத்துவிட்டது என்று சந்தோஷம் தாங்கவில்லை. அப்போது என் கையை ஏதோ இழுத்தது. பரம்பொருள் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். அது மேலேயிருந்துதானே கூப்பிட வேண்டும், இது ஏன் கீழேயிருந்து வருகிறது என்று ஒரு சின்னச் சந்தேகமும் வந்தது. அதற்குள் நான் மயங்கிவிட்டேன். அடுத்த இழுப்பில் கயிற்றோடு தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தேன்.

இனி நடந்தது சூசை அண்ணாச்சி சொன்னது. இழுத்தும் யாரும் தூக்கவில்லை என்றதும் அத்தான் சங்குப் பையைக் கீழேயே போட்டுவிட்டு, கையாலும் காலாலும் அடித்துக்கொண்டு எட்டுப் பாகமும் தானாக ஏறி வந்தார். முகம் நீலம் பாரித்திருந்தது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கினார். வள்ளத்தில் நான் இல்லை. "மிக்கேலு, ஒன் மச்சினன் உள்ள போயிட்டான்டே!" என்று அண்ணாச்சி கத்தினார். அத்தான் தன் இடுப்பைப் பார்த்தார். அதில் கட்டியிருந்த கயிறு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் மளமளவென்று அதை இழுத்தார். மறுமுனையில் நான் வந்தேன்.

வள்ளத்தில் சங்குக் குவியல்மேல் குப்புறப் போட்டு முதுகில் குத்தினார்கள். (சங்கின் முனை குத்திய தழும்பு மூன்று இன்றும் வயிற்றில் இருக்கிறது.) அரைக்குடம் உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். "அத்தான், நான் ஒளியப் பார்த்தேன்" என்றேன்.

மிக்கேல் அத்தான் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "கரைக்கு வாரும் மாப்ள. ஒங்க அக்கா அதவிட நல்ல ஒளியாக் காட்டுவா" என்றார்.

எங்களுக்கு முன்னால் கரை சேர்ந்த வள்ளத்துக்காரர்கள் சேதியைச் சொல்லிவிட்டார்கள். அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்து நின்றுகொண்டிருந்தாள். முதலில் அத்தானின் முகத்தையும் நெஞ்சையும் தடவிப் பார்த்தாள். அடுத்து என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். ஒளி தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் மணலில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"ஒரே கயித்துலல்லா எனக்குன்னு உள்ள ரெண்டு பேரையும் கட்டி அனுப்பியிருந்தேன்! ரெண்டும் போயிருந்தா நான் யாரு வீட்டுல போயிலே சோறு பொங்குவேன்?"

நான் பக்கத்தில் நின்றேன். எதையும் சாட்சியாக நின்று பார்க்க என்னால் முடியவில்லை. நானும் அழுதேன். அவ்வளவு வெட்கம் அதற்கு முன்பும் பின்பும் எனக்கு வந்ததில்லை.

அன்று மாலையே அக்கா புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்து, அக்கம்பக்கத்தில் நெத்திலிக் கருவாடு மடித்துக் கொடுத்தாள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மேலான உணர்வு நிலை அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அத்தானும் தன் பங்குக்கு ஒரு குண்டு போட்டார். கீழே போட்ட பையில் ஒரு வலம்புரிச் சங்கு இருந்ததாம். லட்சத்தில் ஒன்று கிடைக்கிற சங்கு! முதலில் எலுமிச்சம்பழம் அளவு என்றார். அடுத்த கிறிஸ்மஸுக்கு அது மாதுளம்பழம் அளவாகியிருந்தது. இப்போது பூசணிக்காயைத் தாண்டிவிட்டது.

திங்கட்கிழமை சூசை அண்ணாச்சி என்னை வள்ளத்தில் ஏற்ற மாட்டேன் என்றார். "வேற ஆளு புடிச்சா எனக்குக் கீழ நிம்மதி இருக்காது அண்ணாச்சி. அவன் என் பொண்டாட்டிக்குத் தம்பி" என்றார் அத்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவர் கீழே இருக்கும் நேரமெல்லாம் நான் வாய் ஓயாமல் செபமாலையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சத்தம் நின்றால் அண்ணாச்சி துடுப்பால் மண்டையில் போடலாம்.

அந்தப் பருவம் முழுக்க நடுக்கடலில் தொண்டை கிழியச் செபம் சொன்னேன். கண் கயிற்றிலேயே இருந்தது. அவர் இறங்கியதிலிருந்து தலை தெரியும்வரை வேறொரு நினைப்பு வந்ததில்லை. ஒளி கிளி எதுவும் தெரியவில்லை. பசித்தது.

நான்கு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். கோயிலில் சாமியார், இவளை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். பதற்றத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்கள் பக்கத்திலிருந்து மிக்கேல் அத்தானின் குரல் வந்தது: "மாப்ள, மூச்சு விடும்!" சாமியாரே சிரித்துவிட்டார்.

போன மாதம் இருமலுக்காக எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தேன். துணைக்கு வருகிறேன் என்று அக்காவும் அத்தானும் கிளம்பிவிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கும் அம்மாள் என் நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிறுத்திவிட்டு, "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க" என்றார். இழுத்துப் பிடித்தேன். கதவுக்கு வெளியே தடதடவென்று தட்டும் சத்தம் கேட்டது.

"ஏளா! அவன்கிட்டப் போயி அதச் சொல்லாதளா! ஏலே செபஸ்தி, போதும், விடுலே!"

விட்டேன். படம் கலங்கலாக வந்தது. இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றார்கள். அக்கா சம்மதிக்கவில்லை.