மலையாளம் எனக்கு, கொங்கணி அவர்களுக்கு

திருவனந்தபுரத்துக்கு மாற்றல் வாங்கிவிடுவது என்று 2006 தொடக்கத்தில் முடிவு செய்தேன். மனைவியைக் கேட்டுச் செய்த முடிவல்ல. முடிவு செய்த பிறகு அவளைச் சம்மதிக்க வைப்பது என்றும் கூடவே முடிவு செய்தேன். ஒரே நாளில் இரண்டு முடிவு. அப்போது எனக்கு அவ்வளவு தைரியம்.

என் ஊர் தக்கலை. ஹைதராபாத் மாதாப்பூரில் நான் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனி திருவனந்தபுரத்திலும் கிளை திறந்திருந்தது. அங்கே போய்விட்டால் சனிக்கிழமை பஸ் ஏறி, சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். நாங்கள் குடியிருந்த ஹப்சிகுடாவிலிருந்து மாதாப்பூர் போய்ச் சேருவதற்குள்ளேயே பசித்துவிடுகிற ஆள் நான்.

என் மனைவி மங்கையர்க்கரசி இங்கேயே, லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள். தார்நாகாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹிந்தி டீச்சர். அந்த வருஷம்தான் ஹிந்தி டீச்சர்களுக்கெல்லாம் அவளைத் தலைமையாக்கியிருந்தார்கள். நான் மாற்றல் என்று வாயெடுத்ததும் "நக்கோ" என்றாள். ஹைதராபாத்தில் அதற்கு வேண்டாம் என்று பொருள். மங்கை சொன்னால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

முடிந்தது என்னோடுதான். பக்கத்து ஃபிளாட் உஷா பாயோடு தொடர்ந்தது. உஷா பாய் கொச்சிக்காரி, ஆனால் மலையாளி இல்லை. அவள் முன்னோர் பல தலைமுறைக்கு முன்னால் கோவாவிலிருந்து கொச்சிக்கு வந்தவர்கள். அவர்களுக்குத் தெருவில் மலையாளம், வீட்டுக்குள் கொங்கணி. மங்கையும் தக்கலைக்கு வந்து போனதில் மலையாளம் பழகியிருந்தாள். துணி காயப்போடும் பால்கனியில் ஆளுக்கொரு பக்கம் நின்று மலையாளத்தில்தான் பேசுவார்கள். எங்கள் பாத்ரூம் ஜன்னல் அந்தப் பால்கனிப் பக்கம் இருந்தது.

எனக்கு முகச்சவரத்தில் திடீரென்று ஆர்வம் வந்தது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மலையாளம் என் தமிழுக்குத் தங்கச்சி முறை. ஒரு வார்த்தை தப்பாது.

கேரளத்தில் ஹிந்தி டீச்சருக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று அவள் உஷா பாயிடம் கவலைப்பட்டாள். மறுநாள் இட்லி சாப்பிடும்போது, திருவனந்தபுரத்தில் ஹிந்தி டீச்சருக்கு ரொம்பக் கிராக்கியாமே என்று தற்செயலாகச் சொன்னேன். மழையில் துணி காயாது என்று அங்கே புலம்பினாள். துணி உலர்த்தும் மெஷினைப் பற்றி இங்கே பேசினேன். மங்கை என்னையே பார்த்தாள்.

"நான் நினைக்கிறதெல்லாம் எப்படிங்க சொல்றீங்க?"

"இத்தனை வருஷம் கூட இருந்துட்டு உன் மனசு தெரியாதா?" என்றேன்.

அவள் என் மோவாயைப் பார்த்தாள். அது உரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது.

அதன் பிறகு பால்கனியில் பாதிப் பேச்சு கொங்கணிக்கு மாறியது. கொங்கணி மராட்டிக்குச் சொந்தம், எனக்கு ஒரு வழியிலும் உறவில்லை. மலையாள ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர் என்று நானே புரிந்துகொள்வேன். கொங்கணி ‘உத்தாக்’ என்றாலும் தண்ணீர்தான் என்று யாராவது சொன்னால்தான் உண்டு. மங்கைக்கு ஹிந்தியும் உருதும் கைவசம் இருந்ததால் அது சீக்கிரமே வந்துவிட்டது. சமையல் விஷயமாக இருக்கும் என்று அந்தப் பாதியை விட்டுவிட்டேன். மலையாளப் பாதியே எனக்குத் தூக்கம் வராமல் செய்யப் போதுமாக இருந்தது.

"எல்லாரும் வரும்," என்றாள் மங்கை. "மக்களெயும் கொண்டுவரும். ஞாயறாழ்ச்ச வந்நால் திங்களாழ்ச்ச போகில்ல." கொஞ்சம் கொங்கணி. பிறகு, "வழக்கு தீர்க்கான் விளிக்கும்."

பிளேடு கையிலேயே நின்றுவிட்டது. எல்லாரும் என்றால் என் அக்கா, தங்கை, அவர்கள் பிள்ளைகள். வழக்கு என்றால் அண்ணன் சித்தப்பாவோடு நடத்துகிற வேலித் தகராறு; அதைத் தீர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். இத்தனை காலம் நான் ஃபோனில் ‘சிக்னல் கெடைக்கல’ என்று தப்பித்துக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் சிக்னல் எதற்கு? நேரிலேயே வந்து நிற்பார்கள். ஊர், ஊர் என்று நான் ஏங்கியது தக்கலை ரசவடைக்கும் மழைக்கும்தான். அங்கே மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

அந்த வாரமே மேனேஜரிடம் மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, உன் வேலையை விடவா என் ஆசை பெரிது என்று மங்கையிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயசம் வைத்தாள்.

பாயசம்தான் வாயைக் கிளறியது. என் அக்கா, தங்கை தொல்லையும் உனக்கு இனி இல்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"அவங்களைப் பத்தி யாரு பேசினா?"

"நீதான், பால்கனியில..." என்று தொடங்கி, நிறுத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. தண்ணீர் விழுகிற சத்தமே இல்லாமல் ஒருவர் பாத்ரூமில் அத்தனை நேரம் இருந்தால் தெரியாதா என்று கேட்டாள். உஷா பாயின் நாத்தனார்கள் கொச்சியிலிருந்து வருகிறார்களாம். பேச்சு அவர்களைப் பற்றித்தானாம். பிறகு வகுப்பில் சொல்கிற நிதானத்தோடு சொன்னாள்.

"மலையாளத்துல வரும்னா யாரு வருவாங்கன்னு அந்தச் சொல்லுல இருக்காது. நம்ம தமிழ்ல வந்தான், வந்தாள்னு ஆளைச் சேர்த்துத்தான் சொல்லணும். கொங்கணியிலயும் தெரிஞ்சிடும். அவன் வந்தா ஆய்லோ, அவ வந்தா ஆய்லி. அதனால ஆள் யாருன்னு தெரியக்கூடாத பேச்சை மலையாளத்துல வச்சுக்கிட்டோம். நான் ஒரு பொய்யும் சொல்லலை. உங்க சொந்தக்காரங்களை நீங்கதான் கொண்டுவந்து சேர்த்தீங்க."

ஊருக்குப் போக ஆசைப்பட்டவன் நான். போகப் பயந்தவனும் நானேதான். அதை அவள் எனக்கு முன்னால் தெரிந்துவைத்திருந்தாள். தொடர்ந்து அழுதோ சண்டை போட்டோ என்னைத் தோற்கடித்திருந்தால் மறுபடி ஒரு தடவை முயன்றிருப்பேன். என்னை வைத்தே என்னைத் தோற்கடித்த பிறகு யாரிடம் போய் முறையிடுவது?

"அப்ப அந்தக் கொங்கணிப் பாதியில என்னத்தப் பேசினீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா, வீட்டு விஷயம்," என்று சொல்லிவிட்டுப் பாயசக் கிண்ணத்தோடு பால்கனிக்குப் போனாள். உஷா பாய் ஏதோ கேட்டாள். இவள் பதில் சொன்னாள். இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் இப்போது ‘லோ’ ஆண், ‘லி’ பெண் என்கிற அளவுக்குக் கொங்கணி தெரிந்தவன் என்பதால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

ஒரு ‘லி’ கூட வரவில்லை. எல்லாமே ‘லோ’.