தாலிக்கு இரண்டு நாள் முந்திய உயில்

கடலூர் முதுநகர்,
10.3.2012, சனிக்கிழமை.

பெண்ணாடத்தில் வசிக்கும் அன்பு மச்சான் ராபர்ட் அவர்களுக்கு மரிய ஜோசப் எழுதுவது. தவக்காலத்தில் கறியும் மீனும் விலக்கித் தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நானும் ஜோதி மேரியும் நலம். உயில்தான் நலமில்லை.

நேற்று பகல் பதினொன்றே காலுக்கு உறுதியான செய்தி: எட்டு வருடமாக நம் குடும்பம் கட்டிப் புரண்ட என் உயில் செல்லாது. அது நேற்றுச் செத்ததும் அல்ல. எழுதிய மூன்றாம் நாளே செத்துவிட்டது. நமக்குத் தகவல் வர எட்டு வருடம் ஆகியிருக்கிறது. சொன்னவர் சிதம்பரம் மேலவீதி வக்கீல் சிங்காரம். கூடவே இருந்து கேட்டவர்கள் ஜோதி மேரியும், என் முதல் தாரமான தங்கள் தங்கை பெற்ற டேனியும் ஜான்சியும்.

இதில் தங்கள் பங்கு தங்களுக்கு மறந்திருக்கலாம். முப்பத்திரண்டு வருடம் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான், தேதி மறப்பதில்லை. தங்கள் தங்கை இறந்து நான்கு வருடம் கழித்து, கணவனை இழந்து பன்னிரண்டு வயது மகள் பிரிசில்லாவோடு சிதம்பரத்தில் தையல் டீச்சராக இருந்த ஜோதி மேரியைக் கட்டிக்கொள்ள முடிவு செய்தேன். கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று கேட்டார்கள். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் ஓலை வாசித்த 25.1.2004 அன்று, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து, “மச்சான், வீட்டப் புள்ளைங்க பேருக்கு எழுதிட்டு அப்புறம் தாலியக் கட்டுங்க. இல்லன்னா ஃபாதர்கிட்ட நானே போயி தடை சொல்லுவேன்” என்றீர்கள். என்ன தடை என்று கேட்டேன். “அது அப்ப தோணும்” என்றீர்கள்.

வியாழக்கிழமை 29ஆம் தேதி தங்களுக்கு வேண்டிய பத்திர எழுத்தர் ஆண்டியிடம் போனோம். அவர் யாரோ ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் எழுதிய உயிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதினார். தலைப்பில் இருந்த ‘பூவராக சுவாமி துணை’யை அடித்துவிட்டு ‘சேசு துணை’ என்று போட்டார். அத்தோடு அந்த உயில் ஞானஸ்நானம் பெற்றுவிட்டதாக அவரும் நம்பினார், தாங்களும் நம்பினீர்கள். படித்துப் பார்க்கிறேன் என்றேன். “எல்லாம் நான் படிச்சிட்டேன் மச்சான், நீங்க கையெழுத்தப் போடுங்க” என்றீர்கள். போட்டேன். பதிவு செய்ய நேரமில்லை, சனிக்கிழமை கல்யாணம். வீடு டேனிக்கும் ஜான்சிக்கும். நான் செத்த முப்பது நாளில் ஜோதி மேரி ‘தனக்குச் சொந்தமான பொருட்களுடன்’ வெளியேற வேண்டும். 31ஆம் தேதி தாலி கட்டினேன். பந்தியில் தாங்கள் இரண்டாம் முறை பிரியாணி கேட்டு வாங்கியதை நேரில் பார்த்தேன்.

அந்தச் ‘சொந்தமான பொருட்கள்’ என்ற இரண்டு வார்த்தையோடுதான் அவள் எட்டு வருடம் குடித்தனம் நடத்தினாள். வந்த வாரமே தன் பாத்திரம் ஒவ்வொன்றிலும் ‘ஜோ.மே.’ என்று பேர் வெட்ட வைத்தாள், நாளைக்கு யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று. அப்படியும் கேட்டார்கள். ஜான்சி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து, கேக்கைத் தொடுவதற்கு முன் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களைத் திருப்பித் திருப்பிப் படிப்பாள். ஒருமுறை நான் குடித்துக்கொண்டிருந்த டம்ளரையே வாங்கிச் சுற்றிப் பார்த்து, “இது எங்கம்மா டம்ளராச்சே, இதுல ஏன் காப்பி ஊத்துனாங்க?” என்றாள். காப்பி யாருடையது என்று மட்டும் கேட்கவில்லை. இந்த வீட்டுச் சுவரில் ஜோதி மேரி ஓர் ஆணி அடித்ததில்லை. பிரிசில்லா வருடாவருடம் வாங்கி வரும் மாதா காலண்டரை முன்னறை நாற்காலியில் சாய்த்து வைப்பாள். “அவுங்க செவுத்துல நாம எதுக்குங்க ஓட்ட போடணும்?” என்பாள். எட்டு வருடமாக அந்த நாற்காலியில் மாதாவைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை.

டேனியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2008இல் நான் மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கஞ்சி கொடுத்தவள் பிரிசில்லா; பதினாறு வயது, பரீட்சைப் புத்தகத்தோடு. தங்கள் மருமகன் அந்த வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தது உண்மை. ஆஸ்பத்திரிக்கு அல்ல, வீட்டுக்கு, ஒரு புரோக்கரோடு. “இது என் வீடுதான், நீளம் அகலம் பாத்துக்குங்க” என்று டேப் பிடித்தான். தகவல்: எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள், நேரில் பார்த்தவர். போன டிசம்பர் முப்பதாம் தேதி ‘தானே’ புயலில் அதே வீட்டின் பாதி ஓடு பறந்துபோனது. மூன்றாம் நாள் போன் கிடைத்தவுடன் அவன் கேட்டது: “அப்பா, உயிலு நனையலயே?”

“நான் நனஞ்சிட்டேன்டா.”

“அது தொவட்டிக்கலாம்ப்பா.”

பெட்டியோடு உயிலும் ஊறித்தான் போயிருந்தது. மறுநாளே வந்து இறங்கி, துணி காயும் கொடியில் என் கைலிக்கும் ஜோதி மேரியின் ரவிக்கைக்கும் நடுவே அதைக் கிளிப் போட்டு மாட்டி, காக்கை வராமல் காவல் நின்றான். கூரை என்ன ஆச்சு என்று தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. கேட்டதற்கு, “இப்பத்திக்கி உங்க வீடுதானப்பா, நீங்களே ஓட்ட மாத்திக்குங்க” என்றான். காய்ந்த உயிலில் எழுத்தெல்லாம் கரைந்து, என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. புதிதாக ஒன்று எழுதியே ஆகவேண்டும் என்று இரண்டு மாதம் நச்சரித்து, நேற்று எங்கள் எல்லோரையும் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனவன் அவனேதான்.

வக்கீல் காகிதத்தைத் தொடவே இல்லை. “உயிலு என்னிக்கு எழுதுனது சார்?”

“இருபத்தொம்பது ஒண்ணு ரெண்டாயிரத்து நாலு” என்றேன்.

“அம்மாவக் கல்யாணம் பண்ணது?”

“முப்பத்தொண்ணு.”

“அப்ப இத எதுக்குக் காய வச்சீங்க? கிறிஸ்தவங்க கல்யாணம் பண்ணா அதுக்கு முந்தி எழுதுன உயிலு தானா ரத்து. இந்துக்களுக்குத்தான் அப்படி இல்ல. நீங்க தாலியக் கட்டுன நிமிஷமே இது காலி.”

டேனி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். “எங்க மாமாதான் சார் கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதச் சொன்னாரு, சேஃப்டிக்கு.”

“ரெண்டு நாள் கழிச்சு எழுதச் சொல்லியிருந்தா சேஃப்டி” என்றார் சிங்காரம்.

உயில் இல்லாமல் நான் செத்தால் என்ன ஆகும் என்று ஜான்சி கேட்டாள், அப்பன் எதிரிலேயே, கூச்சமில்லாமல். மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு என்றார். எட்டு வருடத்தில் முதல்முறையாக ஜோதி மேரி இந்த விஷயத்தில் வாய் திறந்தாள்: “சார், அந்த மூணுல ஒண்ணுல சமையக்கட்டு வருமா?”

மச்சான், நான் முடிவெடுத்துவிட்டேன். வக்கீல் அங்கேயே எழுதிக்கொடுத்த புதிய உயிலின் நகல் என் மேஜைமேல் இருக்கிறது. ஜோதி மேரி தன் காலம் முடியும்வரை இந்த வீட்டில் குடியிருக்கலாம், யாரும் வெளியேற்றக்கூடாது. அவளுக்குப் பிறகு வீடு டேனிக்கும் ஜான்சிக்கும். இதைவிடப் பெருந்தன்மையாக யாரும் எழுத முடியாது என்று நினைக்கிறேன். வரும் திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் கடலூர் பதிவு அலுவலகத்தில் பதிவு. தாங்கள் வரவேண்டாம். ஒன்று மட்டும் தங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்: இந்த முறை ஒவ்வொரு வரியையும் என் கண்ணாடியைப் போட்டு நானே படித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்க மாட்டேன்.

தங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆண்டவர் நல்ல சுகமும், பிறர் வீட்டு விஷயத்தில் கொஞ்சம் மௌனமும் தருவாராக. உயிர்ப்பு ஞாயிறுக்கு வாருங்கள், பிரியாணி உண்டு.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
மரிய ஜோசப்

பி.கு.: கையெழுத்து மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது பிரிசில்லா. மேலே உள்ளதை ஜோதி மேரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னது அப்படியே: “எழுதலன்னா மூணுல ஒண்ணு எனக்கே எனக்கு. எழுதுனா, சாவுற வரைக்கும் இருந்துட்டுப் போன்னு உங்க தயவு. சட்டம் குடுத்தத நீங்க ஏங்க உயிலு எழுதிப் புடுங்குறீங்க?” கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது மேஜைமேல் கண்ணாடி இல்லை. முன்னறையில் சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன்: மாதா சுவரில் இருந்தார், நாற்காலி காலியாக இருந்தது. கண்ணாடி எங்கே என்று ஜோதி மேரிக்குத் தெரியாதாம். பிரிசில்லாவுக்கும் தெரியாதாம், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறாள். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு, பதிவு அலுவலகம் பூட்டிய பிறகு, கிடைத்துவிடும் என்று இந்த வீட்டு வட்டாரத்தில் தெரிவிக்கிறார்கள். நான் இன்னும் தேடத் தொடங்கவில்லை.